கியர் இல்லாத வண்டியில் மாப்பிள்ளை அழைப்பு

தெய்வசிகாமணியின் மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளையைத் தவிர மற்ற எல்லோருக்கும் அடி விழுந்தது. ஒப்பந்தமே அப்படித்தான் இருந்தது.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். தெய்வசிகாமணி சைகோனில் பட்டாளத்தில் ஊதுகுழல் ஊதிவிட்டுப் பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியிருந்தான். ஊரில் அவனைச் சொல்தா, அதாவது பிரெஞ்சில் சிப்பாய், என்றுதான் கூப்பிடுவார்கள். துப்பாக்கியைத் தொட்டதில்லை. அவன் விடியற்காலையில் ஊதுவதைக் கேட்டு எதிரிப் படை ஒன்று மனம் வெறுத்துக் காட்டைக் காலி செய்துவிட்டுப் போனதாக அவனே சொன்னான். அவன் ஊதிக் கேட்டவன் என்ற முறையில் எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

உப்பளம் பேட்டையில் விறகுத் தொட்டி வைத்துக் கட்டை விற்ற ராஜாங்கம் தன் மகள் அஞ்சலாட்சியை இவனுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். அங்கேதான் கலியபெருமாள் குறுக்கே வந்தான். அவன் அஞ்சலாட்சியின் தாய்மாமன் மகன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். ஒரு தடவை ஒரு கையில் அரிசி மூட்டையையும் மறு கையில் மூட்டை ஈரம் என்று சொன்ன மேஸ்திரியையும் தூக்கிக்கொண்டு போய் ஒரே படகில் அடுக்கினான். மேஸ்திரிதான் அடியில்.

அம்மன் கோயில் வாசலில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மாப்பிள்ளைத் தோழன் என்பதால் நானும் போயிருந்தேன்.

"பொண்ணு எனக்கு மொற. பீப்பி ஊதிக்கினு வந்தவனுக்குக் குடுப்பீங்களா மாமா?" என்றான் கலியபெருமாள்.

"அவளக் கேட்டா அவனத்தான் சொல்றா. நான் இன்னா பண்றது?" என்றார் ராஜாங்கம்.

"அப்ப ஒண்ணு சொல்றேன், ஞாயமா இருந்தா ஒத்துக்குங்க. மாப்ள அழைப்பு எங்க தெரு வழியா வரட்டும். தொறந்த வண்டியில வரட்டும், எல்லாரும் பாக்கட்டும். ஒங்க வாசல்ல ஆரத்தி எடுக்கற வரைக்கும் அவன் காலு தரையில படக்கூடாது. படலேன்னா கட்டிக்கட்டும். பட்டா அஞ்சலாட்சி எனக்கு."

"நீ அவனப் புடிச்சி இழுத்துப் போட்டுட்டு, பட்டுடுச்சின்னு சொல்லுவ."

"அவன் மேல ஒரு வெரலு பட்டாலும் நான் தோத்த மாதிரி."

"மத்தவங்க மேல?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

கலியபெருமாள் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தான். "மத்தவங்களப் பத்தி இங்க யாரும் பேசலியே" என்றான்.

பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். தெய்வசிகாமணி மீசையைத் தடவிக்கொண்டு, சரி என்று சொல்லிவிட்டான்.

கலியபெருமாள் ஒன்றும் முட்டாள் இல்லை. அப்போது ஊரில் கல்யாணத்துக்கு வாடகைக்குக் கிடைத்த திறந்த வண்டி ஒன்றே ஒன்றுதான். கப்பலேறிப் போன ஒரு துரையிடமிருந்து அன்வருதீன் பாய் வாங்கிய அமெரிக்க வண்டி. யானைக்குக் கருநீலம் அடித்த மாதிரி இருக்கும். அதில் கியர் போடுகிற வேலை கிடையாது. பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி. அதை ஒரு பக்கம் நகர்த்தினால் முன்னால் போகும், இன்னொரு பக்கம் நகர்த்தினால் பின்னால் போகும். மற்றதையெல்லாம் அது வயிற்றுக்குள் எண்ணெயை வைத்துக்கொண்டு தானாகவே பார்த்துக்கொள்ளும். கடற்கரைச் சாலையில் ஓட விட்டால் காற்று மாதிரி போகும். மேளத்துக்குப் பின்னால் நடக்க விட்டால் இரண்டு தெருவில் ரேடியேட்டர் தண்ணீர் கொதித்துவிடும். போன ஆவணியில் ஒரு மாப்பிள்ளை அந்தக் கொதி தாங்காமல் குதித்து, மாலையும் கழுத்துமாக மண்டபம் வரை நடந்தே போனது கலியபெருமாளுக்குத் தெரியும். அவன் தன் ஆட்களின் சிலம்பக் கம்பை விட ரேடியேட்டரைத்தான் நம்பியிருந்தான்.

நாங்கள் அன்வருதீன் பாயிடம் போனோம். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இன்ஜின் மெதுவா சுத்துனா அதோட ஒட்டிக்கினு இருக்கற வெசிறியும் மெதுவாத்தான் சுத்தும். காத்து எங்கேர்ந்து வரும்? அதக் கழட்டிக் கடாசுறேன். கரண்டு வெசிறி ஒண்ணு வெக்கறேன். வண்டி நின்னாலும் அது சுத்தும்."

விசிறிக்கு எங்கே போவது? தெய்வசிகாமணியின் பெட்டியில் கப்பல் கேபினில் மாட்டுகிற விசிறி ஒன்று இருந்தது. அது அங்கே எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. பாய் அதன் சுருளை மாற்றிக் கட்டி, பாட்டரியில் ஓடுகிற மாதிரி செய்து, ரேடியேட்டருக்குப் பின்னால் முடுக்கினார். ஓட்டிப் பார்த்தபோது எதிரே மேய்ந்துகொண்டிருந்த சேவல் ஒன்று காற்றில் இழுபட்டு வந்து வண்டியின் மூக்கில் ஒட்டிக்கொண்டது. விசிறியை நிறுத்தின பிறகுதான் இறங்கிப் போனது. பாயின் சம்சாரம் கரீமா பீ வந்து சேவலைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

"இனிமே அந்தமான் வரைக்கும் நடந்தே போவலாம், கொதிக்காது" என்றார் பாய்.

குறித்த நாள் சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பினோம். பின் இருக்கையில் நடுவில் தெய்வசிகாமணி, பட்டு வேட்டி, மாலை, சைகோனில் தைத்த பூட்ஸ். பக்கத்தில் நான். முன்னால் வண்டி ஓட்டுகிற பக்கிரி. அவன் பக்கத்தில் பாய், சூடு காட்டுகிற முள்ளின் மேலேயே கண். வண்டியைச் சுற்றிலும் வண்ண பல்புகள். பின்னால் சொந்தக்காரர்கள், எல்லோர் முகத்திலும் பல் பிடுங்கப் போகிறவர்களின் அமைதி.

"பக்கிரி, ஆக்சிலேட்டர வுடாத" என்றார் பாய். "வுட்டா பாட்டரி எறங்கிடும். பல்பு மங்கும், வெசிறி நிக்கும்."

"அமுத்துனா வண்டி ஓடுதே பாய்."

"இன்னொரு காலு எதுக்கு இருக்குது? அதால பிரேக்க அமுத்து."

"அந்தக் கம்பிய நடுவுல நகத்தி வெக்கலாமா?"

"கியர் இல்லாத வண்டிடா. இல்லாதத எதுக்குத் தொடுற?"

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முனையிலும் மேளம் நின்றுவிடும். நாதசுரக்காரர் கண்ணை மூடி ஒரு ராகத்தைப் பிடிப்பார். அதை அவர் விடுகிற வரையில் மாப்பிள்ளையும் வண்டியும் ஊரும் நிற்க வேண்டும். அன்றைக்கு வாசித்தவர் பிடித்ததை லேசில் விடுகிறவர் இல்லை. அவர் ஊதுகிற நேரமெல்லாம் பக்கிரி ஒரு காலால் வண்டியை ஓடு ஓடு என்றும், இன்னொரு காலால் நில் நில் என்றும் மிதித்துக்கொண்டிருந்தான். இன்ஜின் சுற்றியது, சக்கரம் சுற்றவில்லை. நடுவில் வயிற்றிலிருந்த எண்ணெய், மத்தில் அகப்பட்ட தயிர் மாதிரி கிடந்து கடைபட்டது. முன்பெல்லாம் தண்ணீர் முதலில் கொதித்துவிடும், வண்டியை நிறுத்திவிடுவார்கள், அந்தச் சாக்கில் வயிறும் ஆறிவிடும். இப்போது தண்ணீர் கொதிக்கிற வழியாக இல்லை. ஆகையால் யாரும் நிறுத்தவில்லை. இதெல்லாம் பிறகு யோசித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முள் அசையவில்லை என்பதுதான்.

"தணிகாசலம், காலு சுடுது" என்றான் தெய்வசிகாமணி என் காதில்.

"கல்யாணம்னா அப்பிடித்தான் இருக்கும்."

"வெளையாடாதடா. கீழ அடுப்பு வெச்ச மாதிரி இருக்குது."

பாய் எட்டி வண்டியின் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். "ஐஸு மாதிரி கீது. புது பூட்ஸு, அதான்" என்றார்.

வாய்க்கால் பாலத்தை ஏறி இறங்கினதும் கலியபெருமாளின் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒரு கையில் சிலம்பக் கம்பு, மறு கையில் கோலி சோடா. கலியபெருமாள் நடுவில் நின்று, கும்பிடு போட்டு, "மாப்ளைய யாரும் தொடாதீங்கடா" என்று உரக்கச் சொன்னான். மற்றவர்களைத் தொடலாம் என்பதற்கு அதுதான் உத்தரவு.

முதல் பாட்டில் பக்கிரியின் காதோரம் வெடித்தது. கண்ணாடிச் சில்லு கன்னத்தில் நின்றது. பாவம், அவனால் காலை எடுக்க முடியவில்லை. பிரேக்கை விட்டால் வண்டி மேளக்காரர்கள் மேல் ஏறும். ஆக்சிலேட்டரை விட்டால் விசிறி நின்றுவிடும். இரண்டு காலும் மாட்டிக்கொண்ட நிலையில் குத்து மேல் குத்து வாங்கினான். மாப்பிள்ளையின் சித்தப்பா வெறும் கையால் ஒரு கம்பைப் பிடித்தார். கம்பு நின்றது, விரல் இரண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டன. அவர் மைத்துனரைத் தூக்கி வாய்க்காலில் போட்டார்கள், ஏறி வந்தார், மறுபடி போட்டார்கள். எங்கள் பக்கமும் சும்மா இல்லை. ஒருவன் குத்துவிளக்கின் தண்டால் அடித்ததில் எதிராளி ஒருவனின் முன்பற்கள் தெறித்து நாதசுரத்தின் அணைசுக்குள், அந்த அகன்ற வாய்க்குள், போய் விழுந்தன. அந்த வாத்தியத்தில் அன்று முதல் காந்தாரம் சரியாகப் பேசுவதில்லை என்று நாதசுரக்காரர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு விழுந்தது தாடையில். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தவில்காரர் தாளத்தை மாற்றிவிட்டார்.

என் ரத்தம் தெய்வசிகாமணியின் பட்டு வேட்டியில் தெறித்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். "போதுண்டா. நான் எறங்கிடுறேன். எனக்காவ எல்லாரும் சாவறீங்க."

கலியபெருமாள் கையைத் தூக்கினான், கம்புகள் நின்றன. "எறங்கு தம்பி. எறங்குனா எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்" என்றான், குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரலில்.

நான் தெய்வசிகாமணியின் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "ஒக்காருடா. வாங்குன அடியெல்லாம் யாரு திருப்பி எடுத்துக்குவாங்க?" தாடை ஆடியதில் நான் சொன்னது எனக்கே விளங்கவில்லை. அவனுக்கு விளங்கியது. உட்கார்ந்தான்.

அடித்துக்கொண்டும் அடிபட்டுக்கொண்டும் விறகுத் தொட்டி கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்துவிட்டோம். ராஜாங்கம் வீட்டு வாசலில் வாழைமரம் தெரிந்தது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்பது தெரிந்தது. அப்போது வண்டி நின்றது.

இன்ஜின் நிற்கவில்லை. பக்கிரி மிதிக்க மிதிக்க அது அலறியது. சக்கரம் மட்டும் அசையவில்லை. அடியிலிருந்து சிவப்பாக எண்ணெய் ஒழுகித் தெருவில் ஓடியது. பிறகு புகை. அந்தப் புகையில் வாழைமரத்திலிருந்த காய் ஒரு சீப்பு பழுத்துவிட்டது.

"பாய், வண்டி போவல" என்றான் பக்கிரி.

"போவாம எங்க போவும்? முள்ளு அசையவே இல்ல பாரு."

"அடியில நெருப்பு புடிச்சிக்கிச்சி பாய்."

"இன்ஜின் சூடே இல்ல" என்றார் பாய், பிடிவாதமாக. அப்போது அவர் லுங்கியின் ஓரம் எரிந்துகொண்டிருந்தது.

ஒழுகின எண்ணெய் புகைக்குழாயில் பட்டுப் பற்றிக்கொண்டது. காலடித் தகரம் சிவக்க ஆரம்பித்தது. தெய்வசிகாமணி காலைத் தூக்கி இருக்கையில் வைக்கப் பார்த்தான், பூட்ஸ் வரவில்லை. அடிப்பாகம் உருகித் தகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காலை உருவிக்கொண்டான். உள்ளங்கால் வெந்த வாசனை எனக்கே வந்தது. கலியபெருமாள் முன் பம்பரில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

"எறங்கு தம்பி. வெந்துடப் போற."

பின்னாலிருந்து அவன் ஆள் ஒருவன் சோடா பாட்டிலை எங்கள் மேல் வீசினான். அது தகரத்தில் உடைந்து, நுரைத்து, சுர்ரென்று ஆவி கிளம்பியது. காலுக்கு இதமாக இருந்தது. இன்னொருவனும் வீசினான்.

"டேய் நாய்ங்களா, சோடா அடிக்காதீங்கடா" என்று கலியபெருமாள் திரும்பிக் கத்தினான். "அவனுக்குக் குளிர்ச்சி பண்றீங்க."

எங்கள் ஆட்கள் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். அவன் ஆட்கள் முன்னாலிருந்து தள்ளினார்கள். வண்டி நடுவில் எரிந்துகொண்டு நின்றது. தள்ளிக்கொண்டே கையெட்டினவனைக் குத்தினார்கள், கடித்தார்கள். சித்தப்பா உடையாத கையால் ஒருவன் தலைமயிரைப் பிடித்துக் காரின் மூடியில் மோதினார். பாய் உடனே, "பெயிண்டு பெயிண்டு" என்று பதறினார்.

கலியபெருமாள் கதவு வழியாகக் கையை விட்டுப் பக்கிரியின் கழுத்தைப் பிடித்தான். மூச்சு முட்டின பக்கிரி, பின்னாலேயாவது ஓடிப் பிழைக்கலாம் என்று அந்த இல்லாத கியரின் கம்பியைப் பிடித்து இழுத்தான்.

வண்டி பின்னால் பாய்ந்தது.

வண்டியின் வயிற்றில் முன்னால் போகிற பற்சக்கரமெல்லாம் வெந்துபோயிருந்தது. பின்னால் போகிறது மட்டும் பச்சையாக இருந்திருக்கிறது. பின்னாலிருந்து தள்ளிய எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் சாக்கடையில் விழுந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவருக்கு அன்று எதிரியிடம் விழாத அடி அங்கே விழுந்தது.

"பின்னாடி போவுதுடா" என்று பாய் பக்கிரியின் முதுகில் அறைந்தார். "வட்டம் அடி. முதுவக் காட்டிக்கினு போ."

பக்கத்து வெட்டவெளியில் வண்டி பின்பக்கமாகவே ஒரு பெரிய வட்டம் அடித்து, வாலை ராஜாங்கம் வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தது. வால் முன்னால், மூக்கு பின்னால், அடியில் நெருப்பு. பக்கிரி கழுத்தைத் திருப்பி ஓட்டினான். அது ஏற்கனவே அந்தப் பக்கம் திருகியிருந்ததால் அவனுக்குச் சிரமம் இல்லை. குறுக்கே வந்தவர்கள் கம்போடு பறந்தார்கள். நான் காலால் இரண்டு பேரை உதைத்தேன். மூன்றாமவன் என் காலைக் கடித்து அப்படியே கொஞ்ச தூரம் கூட வந்தான்.

வண்டி விறகு அடுக்கில் மோதி வாசலில் நின்றது. கட்டைகள் தெருவெல்லாம் உருண்டன. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேட்டி நுனி கருக, இருக்கையின் மேல் குந்தியிருந்தான்.

ஆரத்தி எடுக்க வந்த பெண்கள் புகையைப் பார்த்து உள்ளே ஓடிவிட்டார்கள். தட்டு ஒன்று படியில் இருந்தது. கலியபெருமாள் ரத்தம் வழிகிற நெற்றியோடு ஓடி வந்து அதைக் காலால் எத்தினான்.

"ஆரத்தி எங்க? ஆரத்தி எடுக்காம எறங்குனா செல்லாது" என்றான். "மாமா, நீங்களே சொல்லுங்க."

ராஜாங்கம் உள்ளே ஓடின பெண்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். நெருப்பு இருக்கையின் மெத்தையைத் தொட்டது. தெய்வசிகாமணி என்னைப் பார்த்தான். இறங்கினால் அவள் இல்லை. இறங்காவிட்டால் அவன் இல்லை.

அப்போது அஞ்சலாட்சி வெளியே வந்தாள். அலங்காரம் பாதியில் இருந்தது. ஒரு கையில்தான் வளையல். பந்தலோரம் விருந்துக்காரர்களுக்கு வைத்திருந்த பெரிய தண்ணீர் அண்டாவில் ஒரு தட்டு மஞ்சளைக் கொட்டினாள். வெற்றிலைத் தட்டிலிருந்த சுண்ணாம்பை வழித்து அதில் போட்டாள். தண்ணீர் சிவந்தது.

"தணிகாசலண்ணே, அந்தப் பக்கம் புடிங்க" என்றாள்.

இரண்டு பேருமாகத் தூக்கினோம். அவள் மூன்று முறை சுற்றப் பார்த்தாள், அண்டா சுற்றவில்லை. அப்படியே வண்டியின் மேல் கவிழ்த்தோம். நெருப்பு அணைந்தது. தெய்வசிகாமணி தலையிலிருந்து கால் வரை சிவப்பாக உட்கார்ந்திருந்தான்.

"ஆரத்தி ஆயிடுச்சி" என்றாள். "எறங்குங்க."

எல்லோரும் கலியபெருமாளைப் பார்த்தார்கள். அவன் குனிந்து மாப்பிள்ளையின் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தான். நேர்மையானவன், அதை நான் எங்கேயும் சொல்வேன்.

"செல்லும்" என்றான். "தோத்துட்டேன்."

தெய்வசிகாமணி வெந்த காலைத் தரையில் வைத்து, "ஸ்" என்று சொல்லி, நின்றான். ராஜாங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஒப்பந்தம் முடிஞ்சிதில்ல மாமா?" என்று கேட்டான் கலியபெருமாள்.

"முடிஞ்சிதுப்பா, முடிஞ்சிது" என்றார் ராஜாங்கம், சந்தோஷத்தில் முன்பின் யோசிக்காமல்.

கலியபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெய்வசிகாமணியின் மூக்கில் ஒரு குத்து விட்டான். அன்று சாயங்காலம் முழுவதும் மாப்பிள்ளைக்கென்று எடுத்து வைத்திருந்த குத்து அது. மூக்கு ஒடிந்த சத்தம் பாலம் வரை கேட்டது. விழுந்தவனைத் தூக்கி நிறுத்தி விலாவில் இன்னொன்று. தெய்வசிகாமணியும் சும்மா விழவில்லை; கலியபெருமாளின் காதைப் பல்லால் பிடித்துக்கொண்டே விழுந்தான். இரண்டு பேரும் சிவப்புத் தண்ணீரிலும் எண்ணெயிலும் புரண்டார்கள். எது ரத்தம், எது ஆரத்தி, எது வண்டியுடையது என்று பிரிக்க முடியவில்லை. கலியபெருமாள் மேலே ஏறிக் கழுத்தில் முழங்காலை வைத்தான். தெய்வசிகாமணியின் கண் வெளுத்தது. எங்களில் நிற்கத் தெம்பு உள்ளவன் ஒருவனும் இல்லை.

அஞ்சலாட்சி உருண்டு கிடந்த சவுக்குக் கட்டைகளில் ஒன்றை எடுத்தாள். கை கொள்ளவில்லை என்று கீழே போட்டுவிட்டு, வேறொன்றை எடுத்தாள். அவசரப்படவில்லை, விறகுத் தொட்டிக்காரர் மகள், கட்டை பார்த்துத்தான் எடுப்பாள்.

"மாமா" என்று கூப்பிட்டாள்.

கலியபெருமாள் திரும்பிப் பார்த்தான். தலையில் இறங்கியது. அவன் மெதுவாக, மூட்டையை இறக்கி வைப்பது போல, தன்னைத் தெய்வசிகாமணியின் பக்கத்தில் இறக்கி வைத்துக்கொண்டான்.

"செத்துட்டானா?" என்று ராஜாங்கம் ஓடி வந்து கேட்டார்.

"இல்லப்பா. காலையில சீர் யாரு எடுத்துக்கினு வர்றது? அளவாத்தான் அடிச்சேன்" என்றாள். பிறகு தெய்வசிகாமணியின் மூக்கை இரண்டு விரலால் பிடித்து நேராக்கினாள். அவன் போட்ட சத்தத்தைச் சைகோனில் போட்டிருந்தால் சண்டை முதல் வருஷமே முடிந்திருக்கும்.

மறுநாள் காலையில் முகூர்த்தம். தாய்மாமன் வீட்டுச் சீர் வராமல் மணை போட முடியாதே. கலியபெருமாள் தலையில் துணிக்கட்டும், ஒரு காதில் பஞ்சுமாக, சேலையும் வாழைத்தாரும் வைத்த தட்டைச் சுமந்துகொண்டு வந்தான். எங்கள் பக்கத்தில் யாரும் எழுந்து மறிக்கவில்லை. எழுந்திருக்கிற நிலையில் யாரும் இல்லை. மணமேடையில் தட்டை வைத்துவிட்டு, காலிரண்டிலும் வாழையிலை சுற்றி உட்கார்ந்திருந்த தெய்வசிகாமணியை உற்றுப் பார்த்தான்.

"பேசாம வண்டியிலயே ஒக்காந்துருக்கலாம் நீ" என்றான்.

"ஒக்காந்துதான் பாத்தேன் அண்ணே" என்றான் தெய்வசிகாமணி, மூக்கடைத்த குரலில்.

அஞ்சலாட்சி தலையைக் குனிந்துகொண்டே, "ரெண்டு பேரும் வாய மூடுங்க, ஐயரு மந்திரம் சொல்றாரு" என்றாள். இரண்டு பேரும் மூடிக்கொண்டார்கள்.